சங்கு ஊதியாச்சு... அப்புறம்?

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் திருச்சியில் கொஞ்சம் சுற்றினால் இந்தக் காட்சி கண்ணில் படும். பொன்மலை ஆர்மரி கேட்டிலிருந்தோ, திருவெறும்பூர் பக்கமிருந்தோ, கலெக்டர் ஆபீஸ் சாலையிலிருந்தோ ஒரு கார் மெதுவாக வரும். முன் சீட்டில் கழுத்து கொள்ளாத மாலையோடு ஒருவர். மடியில் நாலைந்து சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். பின்னாலேயே நாலைந்து பைக்குகளில் செக்‌ஷன் ஆட்கள். வாசலில் ஆரத்தி, உள்ளே கேசரி, காபி, ஃபோட்டோ. "இனிமே ஜாலிதான் சார், நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வருடம் நேரம் பார்த்து ஓடியவருக்குக் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ!

மே, ஜூன் மாதங்களில் இந்தக் கார்கள் அதிகம். அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்மையான பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கணக்குப் பார்த்துப் போட்ட மே, ஜூன் தேதிதான் சர்டிபிகேட்டில் ஏறியது. அவர் பேனா போன போக்கில் ஒருவருடைய ஓய்வு நாள் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

தமிழ்நாட்டில் ஓய்வைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்தது இந்தப் பணிமனைதான். 1965இல் பெல் தொழிற்சாலை கொதிகலன் செய்யத் தொடங்கியது. அடுத்த வருடம் துப்பாக்கித் தொழிற்சாலை. இவை போக கல்லூரிகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கூட்டம் கூட்டமாக வேலைக்கு எடுத்த ஊர், தொண்ணூறுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஓய்வு கொடுத்துவருகிறது.

ஓய்வு வயதும் நிலையாக இருந்ததில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு முன்பு 55. 1962இல் 58, 1998இல் 60. தமிழக அரசு 2020இல் 59 ஆக்கி, மறுவருடமே 60 என்றது. முதியோர் ஓய்வூதியத்தை 1889இல் சட்டமாக்கிய ஜெர்மனியில் அதற்கான வயது 70. அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்டவர்களே குறைவு என்பதால் அரசாங்கத்துக்குப் பெரிய செலவில்லை. இன்று இந்தியாவில் அறுபதைத் தொட்டவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் இருக்கிறார். பார்த்த வேலையில் பாதிக் காலம்! அந்தப் பாதிக்கு நம் வீடுகளில் போட்டுவைத்திருக்கும் திட்டம் என்னவென்றால், "பேரனைப் பார்த்துக்கலாம், காசி ராமேஸ்வரம் போகலாம்." இரண்டும் சேர்ந்து இரண்டு வருடத்துக்குத் தாங்கும்.

வேலையோடு வீடும் போகும்

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பொன்மலை ரயில்வே காலனியிலும் கைலாசபுரம் பெல் டவுன்ஷிப்பிலும் இருந்தவர்களுக்கு ஓய்வு என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதும்தான். பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போன வீடு அது. பின்பக்கம் தானே நட்டு வளர்த்த மாமரம், முருங்கை. மாலையில் சுவரைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுத்த தெருவில் டவுன்ஷிப் ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இருபது வருடத்துக்கு முன் லோன் போட்டு வாங்கிய மனையில் கட்டிய வீட்டுக்கோ, ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கோ போகிறார்கள். அங்கே லிஃப்டில் பார்க்கிறவருக்கு இவர் ஃபோர்மேனா, ஏ.ஜி.எம்மா என்பது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. நேற்றுவரை 'சார்'. இன்று ஸ்ரீரங்கத்தில் 'மாமா', டவுன் பஸ்ஸில் 'பெரியவரே, கொஞ்சம் உள்ள போங்க'.

ஓய்வுபெற்றவர்களின் மனச்சோர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலை போனதை மட்டும் பேசுகிறார்கள். திருச்சியில் வேலை, வீடு, தெரு, பெயர் நான்கும் ஒரே மாதத்தில் போகின்றன.

பணிமனையில் சங்கு ஊதும். அந்தச் சங்குக்கு உள்ளே போய், அந்தச் சங்குக்கு வெளியே வந்து, அதைக் கேட்டே வீட்டில் உலை வைத்துப் பழகிய குடும்பங்கள் பொன்மலையில் உண்டு. ஓய்வுபெற்ற பிறகும் சங்கு ஊதத்தான் செய்யும். ஆனால் அது இவருக்காக இல்லை. இந்த இடத்தில்தான் நோவு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. தான் எட்டு மணிக்குப் போகாவிட்டால் ஒரு மெஷின் நிற்கும், ஒரு வகுப்பு காத்திருக்கும், ஒரு கவுன்ட்டரில் வரிசை நீளும் என்ற நிலைமை மட்டும் இல்லாமல் போய்விட்டது. அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறீரா?' என்று கேட்கிறது. அதற்கும் இப்போது கருவூலத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே கருவியோடு வந்து விரல் ரேகை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். சௌகரியம்தான். ஆனால் அந்த வரிசையில் பழைய ஆட்களைப் பார்த்துக் கதை பேசுவதும் அதோடு போயிற்று.

அதனால்தான் 'பொழுதுபோக்கு' என்று சிபாரிசு செய்யப்படுபவை பலருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் ஒட்டுவதில்லை. செய்தித்தாளை விளம்பரம் உட்பட எவ்வளவு நேரம் படிக்க முடியும்? யூடியூபில் எத்தனை மருத்துவரைக் கேட்க முடியும்? செடி வளர்ப்பது, சுடோகு போடுவது எல்லாம் நல்லவைதான். ஆனால் இன்று செய்யாவிட்டால் நாளை செய்துகொள்ளலாம். நாளை செய்யலாம் என்று தள்ளிப்போடக்கூடிய எதுவும் ஓய்வுபெற்றவரைப் படுக்கையிலிருந்து எழுப்பாது. யாரோ ஒருவர் குறிப்பிட்ட நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அடுப்படியில் ஒரு மேற்பார்வையாளர்

வீட்டம்மா பக்கத்தையும் கேட்க வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை வீடு அவருடைய ராஜ்யமாக இருந்தது. திடீரென்று ஒருவர் முழுநேரமாக ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "கேஸ் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?" என்று ஆடிட் செய்ய ஆரம்பிக்கிறார். பத்து மணிக்கு இரண்டாவது காபி, பதினொன்றரைக்கு 'சாப்பாடு ஆச்சா?' ஸ்ரீரங்கத்து வீடுகளில் "ஏன்னா, செத்த கோயில் பக்கம் போயிட்டு வாங்கோளேன்" என்ற குரலில் பக்தி மட்டும் இருப்பதாக நினைத்துவிட வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய மருத்துவர் ஒருவர், கணவர் ஓய்வுபெற்றதும் மனைவிகளுக்கு வரும் தலைவலி, வயிற்றுப்புண், தூக்கமின்மைக்குத் தனியாக ஒரு நோய்ப் பெயரே வைத்தார். இங்கே பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்குப் போன பெண்கள் ஓய்வுபெறும்போது நிலைமை வேறு. டீச்சராக இருந்தவர் ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து முழுநேர இல்லத்தரசியாகக் கருதப்படுகிறார். மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்றால் அமெரிக்காவுக்கு ஆறு மாத விசாவில் முதலில் புறப்பட வேண்டியவரும் அவரே. பென்ஷன் ஆர்டர் அவர் பெயரில் வருகிறது, ஓய்வு வருவதில்லை. ஆண்கள் ஓய்வுக்குப் பின் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு முதல் பதில் இங்கேயே இருக்கிறது: காய் நறுக்குவது, ரேஷன் கடை, கரண்ட் பில், காலை டிபன் இவற்றில் இரண்டை நிரந்தரமாகத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம். "ஹெல்ப் பண்றேன்" என்று சொல்லக் கூடாது. உங்கள் செக்‌ஷன் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ரங்கனின் டைம்டேபிள்

ஸ்ரீரங்கம் ஏன் ஓய்வுபெற்றவர்களின் ஊராக ஆனது? கோயில் ஒரு காரணம், காவிரி ஒரு காரணம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது திருச்சி விமான நிலையம் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். நான் முக்கியமாகச் சொல்வது நான்காவதை. இந்த ஊரில் இன்னமும் ஒரு சங்கு எல்லோருக்காகவும் ஊதுகிறது. விடியற்காலை முதல் தரிசனமான விஸ்வரூப சேவைக்குப் பசுவும் யானையும் வந்தாக வேண்டும், வீணை வாசித்தாக வேண்டும். அதற்கு நேரத்தில் போய் நிற்க வேண்டும் என்றால் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து. அப்புறம் தை, மாசி, பங்குனி என்று ஏதாவது ஒரு உற்சவம். பெருமாள் புறப்பாடு யாருடைய மூட்டு வலிக்கும் காத்திருப்பதில்லை.

காலை ஆறு மணிக்கு உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பார்த்தால் தெரியும். பனியன் மேல் துண்டு, காலில் மகன் வாங்கித்தந்த வெளிநாட்டு ஷூ, நெற்றியில் திருமண் என்று ஒருவர் கோயிலைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார். டாக்டர் சொன்ன வாக்கிங்கும் ஆயிற்று, பிரதட்சிணமும் ஆயிற்று. வழியில் நாலு பேர், "என்ன மாமா, நேத்திக்குக் காணலையே?" என்பார்கள். அந்தக் கேள்விக்காகவே பலர் நடக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனவர்கள் 'சந்தை' சொல்லப் போகிறார்கள். காய்கறிச் சந்தை இல்லை. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைக் குரு ஒரு தடவை சொல்ல, சீடர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்யும் முறை. கொரோனாவுக்குப் பிறகு இது ஃபோனிலும் ஜூமிலும்கூட நடக்கிறது. ரிசர்வ் ஃபண்ட் கணக்கு பார்த்த மூளை அறுபத்திரண்டு வயதில் பாசுரத்தை உருப்போடத் திணறுவதையும், ஒரு பத்து பிடிபட்டதும் சின்னப் பையன்போல் சந்தோஷப்படுவதையும் பார்க்கலாம். நாளை குரு கேட்பார் என்ற பயம் அதில் இருக்கிறது. அறுபதுக்கு மேல் அந்தப் பயம் நல்ல மருந்து.

பக்தியில் நாட்டமில்லாதவர்களுக்கும் அதே கோயிலில் வேலை இருக்கிறது. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் 24ஆம் தொகுதி முழுக்கவே ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகள், 600க்கும் மேல். கோயிலுக்குள் ஆரோக்கியசாலை நடந்ததைச் சொல்லும் கல்வெட்டுகூட இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. திருச்சியில் கண் மருத்துவரான இரா.கலைக்கோவன், 1982இல் தன் தந்தை பெயரில் டாக்டர் மா.இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தைத் தொடங்கி, மருத்துவம் பார்த்துக்கொண்டே சுற்றுவட்டாரக் கோயில்களைச் சுவர் சுவராகப் படித்துப் புத்தகங்களாக்கினார். அவர் ஓய்வுக்காகக் காத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தீவின் இரண்டு பிள்ளைகள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள இதே தீவில், திருவானைக்காவலில், 1888இல் பிறந்தவர் சி.வி.ராமன். நோபல் பரிசு எல்லோருக்கும் தெரியும். ஓய்வுக்குப் பின் அவர் என்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1948இல் அறுபது வயதாகி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து ஓய்வுபெற்றார். மைசூர் அரசு 1934இலேயே கொடுத்திருந்த நிலத்தில் தனக்கென்று ஓர் ஆய்வு நிலையத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். தொடக்கத்தில் மின்சார இணைப்புகூடக் கிடையாது. கண்ணாடி வைத்து வெயிலை உள்ளே திருப்பி, சில லென்ஸுகளோடு ஒளியியல் சோதனைகள் செய்தார். அரசுப் பணத்தை வாங்கினால் அறிக்கை எழுத வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டார். பிறகு ரோஜாப் பூவுக்கு ஏன் அந்த நிறம், கண் எப்படி நிறத்தைப் பார்க்கிறது என்று ஆராய்ந்து, 80 வயதில் பார்வையின் உடலியல் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 2 அன்று காந்தி நினைவுச் சொற்பொழிவு அவருடைய பொறுப்பு. 1970இலும் அந்தத் தேதியில் பேசினார். அடுத்த மாதம் 21ஆம் தேதி காலமானார்.

இன்னொருவர் கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்த எஸ்.ரங்கராஜன், நமக்கு சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் பங்கேற்று, 1993இல் ஓய்வுபெற்றார். அதன்பிறகு இருந்த பதினைந்து வருடத்தில் சினிமாவுக்கு வசனம், விகடனில் 'கற்றதும் பெற்றதும்', இணைய இதழ், திருக்குறளுக்கும் புறநானூற்றுக்கும் எளிய உரை, ஆழ்வார்களுக்கு ஓர் அறிமுகம், தன் சகோதரரோடு சேர்ந்து பிரம்ம சூத்திரம். ஸ்ரீரங்கத்தில் சிறுவனாகக் காதில் வாங்கிய பாசுரங்களை ஓய்வுக்குப் பிறகுதான் சாவகாசமாகப் போய்ப் பார்த்தார்.

'அவர்கள் மேதைகள், நமக்கெதற்கு?' என்பது நியாயமான கேள்வி. மேதைமையை விட்டுவிடலாம். இருவரும் செய்த காரியத்தில் ஒன்று சாதாரணமானது: ஓய்வுக்குப் பிந்தைய வேலையை ஓய்வுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். ராமனுக்கு நிலம் பதினான்கு வருடம் முன்பே கைக்கு வந்துவிட்டது. சுஜாதா ஆபீஸ் போய்க்கொண்டே முப்பது வருடம் எழுதியிருந்தார். அதேபோல, திருச்சியில் தென்னிந்திய ரயில்வே அதிகாரியாக இருந்துகொண்டே எஃப்.ஜி.நடேச ஐயர் 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கி நாடகம் போட்டார். சிறுவன் தியாகராஜனை லோகிதாசனாக மேடை ஏற்றிவிட்டவர் அவர்தான். அந்தச் சிறுவன் பிறகு எம்.கே.தியாகராஜ பாகவதர் ஆனார்.

வயதாகிவிட்டது என்று தயங்குகிறவர்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற அடித்தளத்தின் மேல் 13 நிலை, 236 அடி எழுப்பி, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடத்தியவர் அகோபில மடத்தின் 44ஆவது பட்டம் அழகியசிங்கர். அந்த வேலையைத் தொடங்கியபோதே அவர் எண்பதைத் தாண்டியவர்.

கையில் இருக்கும் தொழில்

சாதாரணர்களின் கதைக்கு வருவோம். துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் பெல்லை நம்பி நடக்கும் சிறிய ஃபேப்ரிகேஷன் ஷாப்புகள் நிறைய. ஓய்வுபெற்ற எஞ்சினீயர்களும் வெல்டர்களும் அங்கே போய் உட்காருவது வழக்கம். இதில் எனக்கு இரண்டு மனம். பணத்துக்குத் தேவை இருப்பவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் வெறுமைக்குப் பயந்து அதே வேலையைப் பாதிச் சம்பளத்தில் தொடர்கிறவர், ஓய்வை அறுபதிலிருந்து அறுபத்தைந்துக்குத் தள்ளிப்போடுகிறார், அவ்வளவே. அதே வெல்டர் வாரத்தில் இரண்டு நாள் ஐ.டி.ஐ. படிக்கும் பையன்களுக்கு மூட்டு எப்படி உட்கார வேண்டும் என்று கைப்பிடித்துக் காட்டினால், அந்தப் பையன்களுக்கு வேலை கிடைப்பது நிச்சயமாகும், இவருக்கும் செவ்வாய், வியாழன் நிச்சயமாகும்.

பிரான்சில் தூலூஸ் நகரப் பல்கலைக்கழகம் 1973இல் மூத்தவர்களுக்கென்று வகுப்புகளைத் தொடங்கியது. அது 1982இல் பிரிட்டனுக்குப் போனபோது முறை மாறியது. ஓய்வுபெற்றவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது, பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. திருச்சிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கெமிஸ்ட்ரி பேராசிரியர், எஞ்சின் டிரைவர், நாதஸ்வரக்காரர், வங்கி மேலாளர் எல்லோரும் மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிறார்கள். கட்டடம்கூட வேண்டாம், ஸ்ரீரங்கத்தில் மிச்சமிருக்கும் திண்ணைகள் போதும்.

தனியாக உட்கார்ந்து செய்யும் வேலையிலும் காத்திருப்பவர்கள் உண்டு. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற செங்கைப் பொதுவன், எழுபதைத் தாண்டிய வயதில் கணினியைக் கற்றுக்கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் சங்கப் புலவர்களைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் எழுதினார். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அவற்றைத் தேடும் கல்லூரி மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியாது.

செட்டில்மெண்ட் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராஜுவிட்டியும் கம்யூடேஷனும் கைக்கு வந்த வாரத்திலேயே பழைய நண்பர் ஒருவர் 'மாசம் மூணு வட்டி' என்று வருவார். திருச்சியில் இப்படிப் போன ஓய்வூதியப் பணம் கொஞ்சநஞ்சமல்ல. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம். முதலில் அந்தக் கவுன்ட்டருக்குப் போங்கள்.

இவ்வளவும் பென்ஷன் உள்ளவர்களுக்கு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும், உறையூர்த் தறிக்காரருக்கும், செயற்கை வைரம் பட்டை தீட்டிக் கண் மங்கியவருக்கும் வழியனுப்பு விழா கிடையாது. உடம்பு மறுக்கும் நாள்தான் ஓய்வு நாள். முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் 2014இலிருந்து ஆயிரம் ரூபாய். இவர்களிடம் போய்ப் பொழுதை எப்படிப் பயனுள்ளதாகக் கழிக்கிறீர்கள் என்று கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஃபாரம் எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஆபீஸ் ஊழியர் ஒருவர், வாரத்தில் ஒரு காலைப் பொழுது மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து இவர்களுக்கு உதவித்தொகை மனு எழுதித்தந்தால், அந்த இடத்துக்கு அவரைத் தேடி ஆள் வரும்.

புத்தூரில் பார்வையற்ற பெண் குழந்தைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் கிராமத்துக்காரர்கள் தினமும் இருக்கிறார்கள். உங்கள் தெரு அரசுப் பள்ளியில் கணக்கு வராத ஏழாம் வகுப்புப் பையன் நிச்சயம் இருப்பான். ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமிருப்பவர்கள் இந்த மாதமே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போய், பாடம் வாசித்துக் காட்டவோ சொல்லிக்கொடுக்கவோ ஆள் தேவையா என்று பொறுப்பில் இருப்பவரைக் கேளுங்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, ஃப்ரீயாத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். புதன்கிழமை, பத்து மணி என்று சொல்லிவிட்டு, ஒன்பது ஐம்பதுக்குப் போய் நில்லுங்கள்.